மேய்ப்பரும் தலைவரும்: இளைஞர் ஆளுமைப் பயிலரங்குகளை முன்வைத்து

நம் மஹல்லாக்களில் மீலாது மேடைகளுக்கும் இஜ்திமாக்களுக்கும் அடுத்தபடியாக இன்று இளைஞரைத் திரட்டும் நிகழ்ச்சி எதுவென்று கேட்டால், தலைமைத்துவ மற்றும் ஆளுமை மேம்பாட்டுப் பயிலரங்கு என்றே சொல்ல வேண்டும். துண்டறிக்கையின் தலைப்பில் ஒரு திருவசனம், நடுவில் பயிற்றுநரின் புகைப்படம், அடியில் சான்றிதழும் மதிய உணவும் உண்டு என்னும் குறிப்பு. இவற்றை எள்ளி நகையாடுவது எளிது; அதற்காக இதை எழுதவில்லை. இந்நிகழ்ச்சிகளில் புழங்கும் மொழியை, குறிப்பாகத் திருக்குர்ஆனிலிருந்தும் நபிமொழிகளிலிருந்தும் அவை எடுத்தாளும் இடங்களை, ஒரு நூலைப் படிப்பதுபோல் ஊன்றிப் படித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றிற்று. அதற்குக் காரணமாக அமைந்தது திருவண்ணாமலையில் நான் கலந்துகொண்ட ஒரு நிகழ்ச்சி.

கிரிவலப் பாதையிலிருந்து சற்று விலகியிருந்த ஒரு திருமண மண்டபத்தில் நடந்த ஒருநாள் பயிலரங்கு அது. நடத்தியோரின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆரணி, போளூர், செங்கம், வந்தவாசி எனப் பல ஊர்களிலிருந்தும் நூறு இளைஞர்களுக்குக் குறையாமல் வந்திருந்தனர். திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியில் ஏறத்தாழ முப்பது பேர். தொடக்கக் கிராஅத் ஓதவும், ஓதிய வசனத்துக்குப் பத்து நிமிடம் விளக்கம் சொல்லவும் என்னை அழைத்திருந்தார்கள். எந்த வசனம் என்பதையும் அவர்களே குறித்துக் கொடுத்திருந்தார்கள். அர்ரஅத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம். இத்தகைய துண்டறிக்கை எதை எடுத்தாலும் இந்த வசனத்தைத்தான் காணலாம்.

பயிற்றுநர் இளைஞர், நன்றாகப் பேசக்கூடியவர். முதற் பயிற்சியாக, ‘நீங்கள் யார்? ஒரே சொல்லில் எழுதுங்கள்’ என்றார். இந்த ஊரில் அக்கேள்விக்கு வேறொரு வரலாறு உண்டு. 1896இல் பதினாறு வயதில் இங்கு வந்துசேர்ந்த வேங்கடராமன் என்னும் இளைஞர், பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்டவர், அந்தக் கேள்வியோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மலையடிவாரத்தில் அமர்ந்திருந்தார். நம் பயிற்றுநர் இரண்டு நிமிடம் கொடுத்தார். மாணவன், விற்பனையாளன், தந்தையின் கடையில் இருப்பவன் என்று பலவாறு எழுதியவர்களையெல்லாம் அடித்துவிட்டு ‘தலைவன்’ என்று எழுதச் சொன்னார். நீங்கள் ஒவ்வொருவரும் தலைவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர் காட்டிய ஆதாரம்.

மாலையில் கேள்வி நேரம். பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்தார். அவருடைய மஹல்லாவில் பள்ளிவாசலை ஒட்டி மத்ரஸாக் கட்டடம் ஒன்று இருக்கிறது. மக்ரிபுக்குப் பிறகு அது பூட்டிக் கிடக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் கட்டணமின்றிச் சொல்லிக்கொடுக்க அவரும் இரண்டு நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறார்கள். ஓராண்டாகச் சாவி கேட்கிறார்கள். ‘நீங்களெல்லாம் சின்னப் பிள்ளைகள், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?’ என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். ‘காலையில் நான் தலைவன் என்று எழுதிக் கொடுத்தேன். சாவிக்கு என்ன செய்வது?’ என்று கேட்டார்.

எதிர்மறை எண்ணங்களை விடுங்கள், அணுகுமுறையை மாற்றுங்கள், முதலில் உங்கள் உள்ளத்தில் இருக்கும் பூட்டைத் திறங்கள் என்றார் பயிற்றுநர். மண்டபம் கைதட்டிற்று. மேடையில் வீற்றிருந்த ஜமாஅத் பெரியவர்களும் கைதட்டினார்கள். சாவியை வைத்திருப்பவர்களும் அவர்களுள் இருந்தார்கள். நானும் மேடையில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. காலையில் எனக்குத் தந்த பத்து நிமிடத்தில் நான் சொல்லாமல் விட்டதே மாலையில் அந்த இளைஞர்மேல் விழுந்தது என்று உணர்ந்தேன். அதை இங்கே சொல்கிறேன்.

அந்த வசனத்தின் கருத்தாகப் பயிலரங்குகளில் சொல்லப்படுவது இது: மனிதன் தன் மனநிலையை மாற்றிக்கொண்டால் அல்லாஹ் அவன் வாழ்நிலையை மாற்றுவான். மூலத்தில் ‘மனிதன்’ இல்லை. இருக்கும் சொல் ‘கவ்ம்’, அதாவது ஒரு கூட்டம், ஒரு மக்கள் திரள். ‘தங்களிடம் உள்ளதை’ மாற்றுபவர்களும் பன்மையில்தான் வருகிறார்கள். ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) இவ்வசனத்துக்குத் தரும் விளக்கம் நம் பயிற்றுநர்களைத் திகைக்க வைக்கும். ஒரு மக்கள் கூட்டம் அனுபவித்துவரும் நலனையும் அருட்கொடையையும் அல்லாஹ் பறித்துவிடுவதில்லை. அவர்கள் ஒருவர்க்கொருவர் அநீதி இழைத்தும் வரம்பு மீறியும் தங்களிடம் இருந்ததை மாற்றிக்கொள்ளும்வரை. அவர் பார்வையில் இது எச்சரிக்கை வசனம். அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் இதே சொற்றொடரோடு அருட்கொடை என்பதையும் வெளிப்படையாகச் சேர்த்துச் சொல்வதால் அவ்விளக்கத்துக்கு வலுக் கூடுகிறது.

இமாம் குர்துபீ (ரஹ்) சொல்வது இன்னும் நுட்பமானது. மாற்றம் அந்த மக்களிடமிருந்தே நிகழலாம். அவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருப்பவரிடமிருந்தும் நிகழலாம். அவர்களைச் சார்ந்த சிலரிடமிருந்தும் நிகழலாம் என்று பகுத்து, உஹதுப் போரை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். குன்றில் நிறுத்தப்பட்ட வில்லாளிகளுள் பலர் இடம் பெயர்ந்தார்கள்; அதன் துன்பம் படை முழுமைக்கும் வந்தது. ஒருவர்மேல் வரும் துன்பமெல்லாம் அவரவர் குற்றத்தால்தான் வரும் என்று இவ்வசனத்திலிருந்து முடிவுகட்டக் கூடாது என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார். கண்காணிக்கும் பொறுப்பில் இருப்பவரைக் குறிக்க அவர் ஆளும் சொல் ‘நாழிர்’. மேடையில் வீற்றிருந்த எங்களைக் குறிக்க அதைவிடப் பொருத்தமான சொல் அரபியில் கிடைக்காது. சாவி கேட்ட இளைஞரைப் பார்த்து ‘உன்னை மாற்றிக்கொள்’ என்று சொல்ல இவ்வசனத்தைப் பயன்படுத்தியபோது, வசனம் யாரை நோக்கிப் பேசுகிறதோ அவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் காலத்துச் சீர்திருத்தச் சிந்தனையாளர்களும் இவ்வசனத்தைப் பெரிதும் எடுத்தாண்டவர்கள்தாம். ஆயினும் ஜமாலுத்தீன் அஃப்கானியும் முஹம்மது அப்துஹுவும் பேசியது உம்மத்தின் எழுச்சியை. 1972இல் இவ்வசனத்தின் சொற்களையே தலைப்பாக்கித் தனிநூல் எழுதிய சிரியா நாட்டு அறிஞர் ஜவ்தத் ஸயீத் (1931–2022), இது தனிமனித விதியன்று, சமுதாய விதி என்பதை அந்நூலில் வற்புறுத்துகிறார். இருவகை விளக்கத்துக்கும் உள்ள பொது அம்சம் கவ்ம். பயிலரங்கு விளக்கத்தில் காணாமற் போனதும் அதுவே.

எப்படிக் காணாமற் போயிற்று? இதற்குப் பதில் தேடினால் இங்கிலாந்து வரை போகவேண்டியிருக்கிறது. ஸாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘தன்னுதவி’ என்னும் பொருள்கொண்ட ஆங்கில நூல் 1859இல் வெளிவந்தது. உலகெங்கும் பரவிய முன்னேற்ற நூல்களுக்கெல்லாம் மூதாதை அது. யஃகூப் ஸர்ரூஃப் அதை ‘ஸிர்ருந் நஜாஹ்’ (வெற்றியின் இரகசியம்) என்று அரபியில் மொழிபெயர்த்து 1880இல் பைரூத்தில் வெளியிட்டார். தன்னைத்தான் உதவிக்கொள்பவனுக்கே வானம் உதவும் என்னும் மேற்கத்தியப் பழமொழியும் அர்ரஅத் வசனமும் ஒன்றே என்னும் எண்ணம் கிழக்கில் வேர்பிடித்ததில் இத்தகைய நூல்களுக்குப் பங்குண்டு என்பது என் கருத்து.

ஆனால் ஸ்மைல்ஸின் நூல் பிறந்த கதை அதன் வழித்தோன்றல்களுக்கு மறந்துபோயிற்று. லீட்ஸ் நகரில் மிக எளிய நிலையிலிருந்த இரண்டு மூன்று இளைஞர்கள் குளிர்கால மாலைகளில் கூடித் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகியபோது, முன்பு காலரா மருத்துவமனையாக இருந்து, அந்த அச்சத்தால் யாரும் குடிவராமல் கிடந்த ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். எழுத்து, கணக்கு, நிலநூல் என்று தொடர்ந்தார்கள். நூறு பேர் ஆனபின்தான் ஸ்மைல்ஸை அழைத்துச் சில வார்த்தை பேசச் சொன்னார்கள். அப்பேச்சுகளே பின்னர் விரிந்து நூலாயின. முதலில் அறை, பிறகு பாடம், கடைசியில்தான் சொற்பொழிவு. சாவி கேட்ட நம் இளைஞருக்கு இந்தக் கதை தெரியாது. பயிற்றுநருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்த தலைமுறை டேல் கார்னகியுடையது. கவலையை ஒழிப்பது பற்றி அவர் எழுதிய நூல் 1948இல் வெளிவந்தது. அதன் அரபு மொழிபெயர்ப்பைப் படித்த எகிப்து அறிஞர் ஷைக் முஹம்மது அல்கஸ்ஸாலி (1917–1996) ‘ஜத்தித் ஹயாதக்’ (உன் வாழ்வைப் புதுப்பித்துக்கொள்) என்னும் நூலை எழுதினார். இவர் இஹ்யா ஆசிரியரான இமாம் கஸ்ஸாலி அல்லர். பெயரொற்றுமையால் நம் மாணவர்களும் சிலவேளை தடுமாறுவதுண்டு. அமெரிக்கர் ஒருவர் அனுபவத்தால் கண்டடைந்ததை இஸ்லாம் இயற்கை நெறி என்ற வகையில் முன்னரே சொல்லியிருக்கிறது என்று காட்டுவது அவர் நோக்கம். அத்தியாயந்தோறும் கார்னகியைச் சுட்டி, அதன் பக்கத்தில் வசனங்களையும் நபிமொழிகளையும் வைத்துப் பேசுகிறார். பெருந்தன்மையும் தன்னம்பிக்கையும் கலந்த நூல் அது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் கஸ்ஸாலியிடம் இன்னொரு பாதி உண்டு. இஸ்லாமும் பொருளாதார நிலைமைகளும் பற்றி ஒரு நூல், இஸ்லாமும் அரசியல் கொடுங்கோன்மையும் பற்றி ஒரு நூல் என்று எழுதிய அதே பேனாதான் கவலை நீக்கத்தையும் எழுதியது. தனிமனிதனின் கவலைக்கு அவனுக்கு வெளியிலும் காரணங்கள் இருப்பதை அவர் அறிந்திருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதிலும் வரிசையைத் தலைகீழாக்கிக் கார்னகியை எலும்புக்கூடாகவும் வசனங்களை மேற்பூச்சாகவும் ஆக்கினார்கள்.

தமிழில் இவ்வகை எழுத்துக்கு முன்னோடியாக ஒரு முஸ்லிம் அறிஞரே விளங்கினார் என்பதை நாமே மறந்துவருகிறோம். தொண்டியைச் சேர்ந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் எழுதிய ‘வாழ்க்கையில் வெற்றி’, ‘எண்ணமே வாழ்வு’, ‘முன்னேறுவது எப்படி?’ முதலிய நூல்கள் சமய வேறுபாடின்றித் தமிழ் இளைஞர்களால் படிக்கப்பட்டன. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ பரவுவதற்கும், கோவையிலிருந்து இல.செ. கந்தசாமி 1989இல் ‘தன்னம்பிக்கை’ இதழைத் தொடங்குவதற்கும் முன்பே அவர் அந்நிலத்தை உழுதுவிட்டிருந்தார். என்னைக் கவர்வது அவர் காத்த ஓர் எல்லை. இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தையும் வலிமார்கள் வரலாற்றையும் ஆக்கிய அவர், மார்க்க நூலை மார்க்க நூலாகவும் முன்னேற்ற நூலை முன்னேற்ற நூலாகவும் எழுதினார். முன்னேற்ற நூலில் சொன்னது பிழையென்றால் அப்துற் றஹீம் பிழை செய்தார் என்று சொல்லிவிடலாம். பயிலரங்கில் சொல்வது பிழையானால் அப்பழி வசனத்தின்மேல் அல்லவா போய்விழுகிறது?

இனி ‘நீங்கள் ஒவ்வொருவரும் தலைவர்’ என்பதற்கு வருவோம். இப்னு உமர் (ரலி) அறிவிப்பதாக புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் அந்த நபிமொழியில் உள்ள சொல் ‘ராஇன்’. அதன் நேர்ப்பொருள் மேய்ப்பர். தலைமைத்துவத்துக்கு இன்றைய அரபியில் வழங்கும் ‘கியாதா’ என்பது முன்னால் நின்று கயிறு பிடித்து இழுத்துச் செல்வதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. அவ்வேர் திருக்குர்ஆனில் எங்குமே பயிலவில்லை. மேய்ப்பரின் நிலை வேறு. ஆடு அவருடையது அன்று. மேய்ச்சல் நிலமும் பெரும்பாலும் அவருடையது அன்று. அந்தியில் பட்டியில் அடைக்கும்போது எண்ணிக்கை குறைந்தால் உரியவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவேதான் அந்த நபிமொழி ‘ராஇன்’ என்பதோடு நில்லாமல் ‘மஸ்ஊல்’, கேள்வி கேட்கப்படுபவர், என்பதையும் உடனே சேர்க்கிறது. ஆட்சியாளர், குடும்பத்தலைவர், இல்லத்துப் பெண், பணியாளர் என்று அது வரிசைப்படுத்தும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு குறித்த பொறுப்பைப் பெயர்சொல்லித் தருகிறது. பொறுப்பின்றி வெறும் தலைவராக அதில் ஒருவருமில்லை. பெண்ணைத் தனியே எடுத்துச் சொல்லும் அந்த நபிமொழியை மேற்கோள் காட்டிய பயிற்றுநர், திரைக்கு அப்பாலிருந்த முப்பது பேரிடம் நாள் முழுதும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

தமிழில் ‘ஆளுமை’ என்னும் சொல்லிலேயே ஆளுதல் ஒளிந்திருப்பதும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. நம் மரபோ பதவியைத் தேடிப்போவதை ஊக்கியதில்லை. கேட்டுப் பெற்ற பதவியில் மனிதன் தன்னந்தனியே விடப்படுகிறான், கேளாமல் வந்ததில் அவனுக்கு உதவி கிடைக்கிறது என்னும் கருத்தில் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் செய்த அறிவுரை பெயர்பெற்றது. யூஸுஃப் (அலை) களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார்களே என்று ஒருவர் வினவலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் கேட்டது குறித்த ஒரு வேலையை. காட்டிய தகுதி அவ்வேலைக்குரிய காவலும் அறிவும். எகிப்தின் தலைவன் நான் என்று எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வகையில் பார்த்தால், மண்டபத்திலிருந்த அத்தனை பேருள்ளும் யூஸுஃப் நபியின் வழியில் நின்றவர் மக்ரிபுக்குப் பிறகு கணிதம் சொல்லிக்கொடுக்கச் சாவி கேட்டவர் ஒருவரே.

இளம் வயதுத் தலைமைக்கு எடுத்துக்காட்டாக எல்லாப் பயிலரங்குகளிலும் வருபவர் உஸாமா இப்னு ஸைத் (ரலி). பதினெட்டு வயதென்றும் இருபது வயதென்றும் சொல்லப்படும் அவரை நபியவர்கள் படைத்தலைவராக்கினார்கள். வயது தடையில்லை என்று இளைஞர்க்குச் சொல்ல இவ்வரலாறு பயன்படுகிறது. படித்துப் பாருங்கள்: அது பெருமளவு மூத்தவர்களைப் பற்றிய வரலாறு. அவர் தலைமையைக் குறைகூறியவர்களை நபியவர்கள் நோயுற்றிருந்த நிலையிலும் கண்டித்தார்கள். நபியவர்களின் மறைவுக்குப்பின், வயதில் மூத்த ஒருவரை நியமிக்கும்படி அன்ஸாரிகளின் கோரிக்கையை உமர் (ரலி) கொண்டுவந்தபோது அபூபக்ர் (ரலி) சினந்து அவர் தாடியைப் பற்றினார்கள். படை புறப்பட்டபோது உஸாமா குதிரைமேல் இருக்க, கலீஃபா பக்கத்தில் நடந்துவந்தார்கள். மதீனாவில் தமக்குத் துணையாக உமரை விட்டுச்செல்ல முடியுமா என்று உஸாமாவிடம் அனுமதி கேட்டார்கள். உஸாமா தம் மனநிலையை மாற்றிக்கொண்டதாக வரலாற்றில் எங்கும் இல்லை. மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது மற்றவர்களுக்கு.

புகாரியில் இதைவிட எளிய, என் உள்ளத்தை அதிகம் தொடும் ஒரு செய்தி உண்டு. மக்கா வெற்றிக்குப்பின் இஸ்லாத்தை ஏற்ற ஒரு குலத்தினர் தங்களுள் குர்ஆன் அதிகம் தெரிந்தவரைத் தொழுகைக்கு முன்நிறுத்தத் தேடினார்கள். வழிப்போக்கர்களிடம் கேட்டுக்கேட்டு மனனம் செய்திருந்த அம்ரு இப்னு ஸலமா என்னும் ஆறேழு வயதுச் சிறுவனே தகுதியானவன் என்று கண்டு அவனை இமாமாக்கினார்கள். அவனிடமிருந்த ஒரே போர்வை ஸஜ்தாவில் மேலேறி உடலை மறைக்கப் போதாமல் இருந்தது. உங்கள் இமாமின் பின்புறத்தை மறையுங்கள் என்று ஒரு பெண்மணி குரல் கொடுத்தார். துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையால் அடைந்த மகிழ்ச்சிக்கு இணையாக வேறெதற்கும் மகிழ்ந்ததில்லை என்று பின்னாளில் அவர் நினைவுகூர்கிறார். பொறுப்பைக் கொடுத்தார்கள், குறை தெரிந்தபோது பொறுப்பைப் பறிக்காமல் சட்டை தைத்தார்கள். இந்நபிமொழியை ஒரு பயிலரங்கிலும் நான் கேட்டதில்லை.

அன்றைய பயிலரங்கில் அதிகமுறை உச்சரிக்கப்பட்ட பெயர் அப்துல் கலாம். ‘கனவு காணுங்கள்’ என்னும் இரு சொற்களாகச் சுருங்கிவிட்டார் அவர். 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து தமிழில் ‘அக்னிச் சிறகுகள்’ ஆன அவருடைய தன்வரலாற்றைத் திறந்தால் முதற்பகுதி முழுவதும் கொடுத்தவர்களின் பட்டியலாக இருக்கிறது. படிக்கத் தூண்டிய அஹமது ஜலாலுத்தீன். ஓடும் இரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பிடிக்கும் வேலை கொடுத்து முதற் சம்பாத்தியத்தைத் தந்த உறவினர் ஷம்ஸுத்தீன். தம் வீட்டுச் சமையலறையில் அமர்த்தி உணவளித்த ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். சென்னையில் எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது சகோதரி ஸொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்தார். டேராடூனில் விமானப்படைத் தேர்வில் இருபத்தைந்து பேருள் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேருக்கே இடமிருந்ததால் கலாம் திரும்பியதையும் அதே நூலில் காண்கிறோம். அங்கே குறைந்தது கனவு அன்று, இடம். ஸொஹராவின் வளையலைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களுக்கும் ஒரு வேலை வந்திருக்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் மாணவர் ஒருவருக்கு எழுதிய ‘அய்யுஹல் வலத்’ நம் மத்ரஸாக்களில் நெடுங்காலமாகப் பயிலப்படுவது. இளைஞர் மேம்பாட்டுக்கென நம்மிடம் உள்ள சிறு நூல்களுள் தலைசிறந்தது. அதில் அவர் விலக்கச் சொல்லும் நான்கு: வாதம் புரிதல், தான் செய்யாததை மேடையேறி உபதேசித்தல், அதிகாரம் உள்ளோருடன் பழகுதல், அவர்களிடம் அன்பளிப்புப் பெறுதல். அன்றைய நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன். காலை முதல் அமர்வு விவாதத் திறன். இரண்டாவது மேடைப்பேச்சு. பிற்பகல் செல்வாக்குள்ளோருடன் தொடர்பு வளர்த்தல். மாலையில் புரவலர்க்குப் பொன்னாடை. இமாம் அவர்கள் அந்நிரலைப் பார்த்துவிட்டே எழுதினார்களோ என்று எண்ணத் தோன்றியது.

நகைப்பு ஒருபுறம் இருக்க, நியாயமும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளுக்கு நேர்காணலில் நிமிர்ந்து உட்காரவும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும், நாலு பேர் முன்னிலையில் கூச்சமின்றிப் பேசவும் யாராவது சொல்லித்தரத்தான் வேண்டும். இந்த வேலையைப் பயிலரங்குகள் செய்கின்றன; எங்கள் அரபுக் கல்லூரிகள் செய்யவில்லை. ஏழாண்டு ஓதி ஸனது பெறும் என் மாணவர்களுள் சிலர் வங்கிப் படிவத்தை நிரப்ப இன்னும் பிறர் கையை எதிர்பார்க்கிறார்கள். தன்மேல் நம்பிக்கையே இல்லாத ஒருவனிடம் நஃப்ஸை அடக்கு என்று மட்டும் பேசுவதும் பொருத்தமற்ற மருந்துதான். முஹாஸபாவைத் தம் பெயரிலேயே சுமந்த ஹாரிஸ் அல்முஹாஸிபீ (ரஹ்) போன்றோர் கற்றுத் தந்தது தன்னைக் கணக்குக் கேட்கும் கலை. கணக்குக் கேட்க முதலில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். அதை எழுதத் தொடங்கப் பயிலரங்கு உதவுமானால் அதற்கு என் வாழ்த்து.

ஆனால் வறுமை மனநிலை, பின்தங்கல் மனநிலை என்று அன்று மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டதை ஏற்க முடியவில்லை. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் சென்னையில் புதுக்கல்லூரி, 1955இல் பெண்களுக்கென நீதிபதி பஷீர் அகமது சயீத் தொடங்கிய கல்லூரி ஆகியவை எழுந்தபோது நம் முன்னோர் இளைஞர்களிடம் மனநிலையை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, கட்டடம் கட்டினார்கள். 2007இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததும் கோரிக்கையாலும் சட்டத்தாலும்தான். அன்று மண்டபத்தில் அமர்ந்திருந்தவர்களுள் அதன்வழி இடம் பெற்றவர்கள் பலர் இருந்திருப்பார்கள். கவ்ம் என்னும் சொல்லின் பொருள் இவற்றிலெல்லாம் தெரிகிறது.

பிறரைச் சொல்லிக்கொண்டே போவது முறையாகாது. எங்கள் கல்லூரி நூலக அலமாரியின் சாவி பதினெட்டு ஆண்டுகளாக என்னிடமே இருந்தது. கிதாபு தொலைந்துவிடும் என்பது நான் சொல்லிவந்த காரணம். பயிலரங்கு முடிந்த மறுவாரம் இறுதியாண்டு மாணவர் இருவரிடம் அதைக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் ஒரு நூல் தொலைந்தது. மூன்றாம் மாதம் அவர்கள் புதிதாக எழுதிய பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். நான் இரவல் வாங்கித் திருப்பித் தராத நாலு நூல்கள் அதில் என் பெயருக்கு எதிரே இருந்தன.

அடுத்த பயிலரங்கின் துண்டறிக்கை கைக்கு வந்திருக்கிறது. கிராஅத்துக்கு மீண்டும் அழைத்திருக்கிறார்கள். வருகிறேன் என்று எழுதி இரண்டு வேண்டுகோளைச் சேர்த்திருக்கிறேன். அல்அன்ஃபால் 53ஆம் வசனத்தை ஓத அனுமதிக்க வேண்டும். பிற்பகல் அமர்வை மஹல்லா நிர்வாகிகளுக்கு ஒதுக்க வேண்டும். இளைஞர்களும் திரைக்கு அப்பாலுள்ள பெண்களும் கேட்க, மேடையிலிருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். மறுமொழி இன்னும் வரவில்லை. சாவி கேட்ட இளைஞரை நேற்று அஸருக்குப்பின் சந்தித்தேன். ஒரு நண்பரின் தந்தை தம் வீட்டு மாடியைக் கொடுத்திருக்கிறாராம்; ஒன்பது பிள்ளைகள் வருகிறார்களாம். ‘மின்விளக்கு ஒன்று போதவில்லை, ஹஜ்ரத்’ என்றார்.